வேடியப்பன் கல்லும் ஜப்பான் படக்கதையும்

எந்தக் கதை, எந்தக் காலம்? தேடிப் படிக்க ஒரு வழி

தருமபுரி மாவட்டம் அரூர் தாலுகாவில் இருக்கிறது தீர்த்தமலை. மலை மேலே தீர்த்தகிரீசுவரர் கோயில். பாறையிலிருந்து ராமர் தீர்த்தம் விழுகிறது. ராமபிரான் அம்பு எய்தார், பாறை பிளந்து தண்ணீர் வந்தது என்று தலபுராணம் சொல்கிறது.

அது எந்த ஆண்டில் நடந்தது? யாரும் கேட்பதில்லை. கேட்கவும் வேண்டியதில்லை. அது புராணம்.

ஆனால் அதே வட்டாரத்தில் வேறு ஒரு வகைக் கதையும் உண்டு. வயல் ஓரத்திலும் மரத்தடியிலும் கற்கள் நிற்கின்றன. கல்லில் ஒரு வீரன். கையில் வில், வாள். மக்கள் அதை "வேடியப்பன்" என்று கும்பிடுகிறார்கள். பிள்ளைக்கு அந்தப் பெயரையே வைக்கிறார்கள்.

அந்தக் கற்களுக்கு நடுகல் என்று பெயர். போரிலோ, மாடு மீட்கும் சண்டையிலோ உயிர் விட்டவனுக்கு ஊரார் நட்ட கல் அது. பல கற்களில் எழுத்தும் இருக்கிறது. அரசன் பெயர் என்ன, அவன் ஆட்சியில் எத்தனையாவது ஆண்டு, செத்தவன் யார், எதற்காகச் செத்தான் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

இது புராணம் அல்ல, வரலாறு. படம் போட்ட வரலாறு!

இன்றைக்குப் பிள்ளைகள் தேடித் தேடிப் படிக்கும் சரித்திரப் படக்கதைகளுக்கும் இதுதான் இலக்கணம். படம் வேண்டும். கதை வேண்டும். "எந்தக் காலம்?" என்ற கேள்விக்குப் பதிலும் வேண்டும்.

மாங்காய் அல்ல, மங்கா!

ஜப்பான் நாட்டில் படக்கதைக்கு "மங்கா" என்று பெயர். கேட்டதும் நமக்கு ஊறுகாய் நினைவு வரும்! அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஹொகுசாய் என்ற பெரிய ஓவியர் 1814-ல் தம் படங்களைத் தொகுத்து வெளியிடத் தொடங்கியபோது, அந்தப் புத்தகத்துக்கு இந்தப் பெயரை வைத்தார்.

மங்காவை வலது பக்கத்திலிருந்து இடது பக்கமாகப் படிக்க வேண்டும். நமக்குக் கடைசிப் பக்கம் எதுவோ, அதுதான் அவர்களுக்கு முதல் பக்கம். முதலில் பத்திரிகையில் தொடராக வரும். பிறகு புத்தகம் ஆகும். நம் வாரப் பத்திரிகைத் தொடர்கதை போலத்தான்.

இப்போது நம் ஊர்ப் பிள்ளைகளும் மங்காவை ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். அவற்றில் சரித்திரக் கதைகள் ஏராளம். ஆனால் கடையில் போய் "ஒரு சரித்திரப் படக்கதை கொடுங்கள்" என்று கேட்டால், கைக்கு வந்ததை எடுத்துக் கொடுப்பார்கள். "எந்தக் காலத்துக் கதை வேண்டும்?" என்று நாமே முதலில் முடிவு செய்ய வேண்டும்.

அதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. நமக்குத் தெரிந்த ஒரு காலத்தைப் பிடித்துக் கொள்ள வேண்டும். அதே காலத்தில் அங்கே என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். காலம் காலமாகப் பார்க்கலாம்.

புத்தரும் அசோகனும்

புத்தர் வாழ்ந்து போதித்தது நம் நாட்டில். அவர் கதையை ஆயிரக்கணக்கான பக்கம் என்றாலும் சலிக்காமல் படிக்க வைக்கும் வித்தையைக் கற்றவர் ஒரு ஜப்பான்காரர். அவர் பெயர் ஒசாமு தெசுகா. மருத்துவம் படித்துவிட்டுப் படம் வரைய வந்தவர். "புத்தா" என்ற அவருடைய மங்கா 1972-ல் தொடங்கி 1983 வரை வந்தது.

அடுத்து சீன தேசம். யசுஹிசா ஹரா என்பவர் 2006-ல் தொடங்கிய "கிங்டம்" என்ற மங்கா, கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் நடக்கிறது. அப்போது சீனாவில் ஏழு அரசுகள் ஒன்றோடு ஒன்று மோதிக் கொண்டிருந்தன. கி.மு. 221-ல் சின் நாட்டு அரசன் எல்லாவற்றையும் வென்று சீனாவின் முதல் பேரரசன் ஆனான்.

அதே நூற்றாண்டில் இங்கே யார்? அசோகச் சக்கரவர்த்தி! அசோகனின் கல்வெட்டு, சோழர், பாண்டியர், சேரரோடு "சதியபுதர்" என்ற ஒரு குலத்தையும் சொல்கிறது. அவர்கள் யார் என்று அறிஞர்கள் வெகுகாலம் விவாதம் செய்தார்கள். 1981-ல் திருக்கோவிலூர் வட்டாரத்தில் ஜம்பை என்ற ஊரில் ஒரு கல்வெட்டு கிடைத்தது. அதில் "சதியபுதோ" என்ற பட்டத்தோடு அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர் இருந்தது.

ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதே அதியமான்! அவன் ஆண்ட தகடூர்தான் இன்றைய தருமபுரி. அசோகன் காலத்திலேயே கல்லில் பெயர் பெற்ற குலம், தீர்த்தமலை இருக்கும் இந்தச் சீமையின் குலம்.

ரோமாபுரியில் குளியல் கட்டியவன்

ரோமாபுரியைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்க ஒரு மங்கா உண்டு. பெயர் "தெர்மே ரோமே". வரைந்தவர் மாரி யமசாகி என்ற பெண்மணி. கதாநாயகன் குளியல் மண்டபம் கட்டும் கலைஞன். ஹாட்ரியன் என்ற பேரரசன் காலத்தவன். கி.பி. 117 முதல் 138 வரை ஆண்டவன் ஹாட்ரியன். குளத்தில் மூழ்கும் நம் கதாநாயகன், இன்றைய ஜப்பானில் எழுந்து விடுகிறான்! அங்கே பார்த்ததை ரோமாபுரியில் போய்க் கட்டுகிறான்.

அந்த நூற்றாண்டுகளில் ரோமாபுரிக் கப்பல்கள் நம் கடற்கரைக்கு வந்தன. பொன் கொடுத்து மிளகு வாங்கிப் போயின.

மகேந்திரவர்மனும் கோவிவனும்

கி.பி. 600-ஐ ஒட்டிய காலம். ஜப்பானில் ஷோடோகு என்ற இளவரசர் புத்த மதத்தைப் பரப்பிக் கொண்டிருந்தார். அவரைக் கதாநாயகராக வைத்து ரியோகோ யமகிஷி என்ற பெண்மணி 1980 முதல் 1984 வரை ஒரு மங்கா வரைந்தார்.

அதே காலத்தில் இங்கே காஞ்சியில் மகேந்திரவர்ம பல்லவன் ஆண்டான். பாறையைக் குடைந்து கோயில் எடுத்த மன்னன். அவனைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் படிக்கிறோம். ஆனால் அவன் நாட்டில் எருமை வைத்துப் பிழைத்த ஒருவன் என்ன ஆனான்? அந்தக் கதை புத்தகக் கடையில் கிடைப்பது அரிது. கல்லில் கிடைக்கிறது!

தருமபுரிக்கு அண்டை மாவட்டம் திருவண்ணாமலை. அங்கே செங்கம் வட்டாரத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அந்த ஊர் நடுகல்லில் ஒரு வீரன் நிற்கிறான். பக்கத்தில் ஒரு நாய். வட்டெழுத்தில் வாசகம்.

மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சி ஆண்டு என்று கல் சொல்கிறது. ஏறத்தாழ கி.பி. 624. வீரன் பெயர் கருந்தேவக்கத்தி. எருமைகளைக் காக்கப் போராடிச் செத்தான்.

நாய்க்கும் பெயர் இருக்கிறது. கோவிவன்! இரண்டு திருடர்களைக் கடித்து, காவல் காத்து நின்றது என்று அதற்கும் தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

1,400 ஆண்டு ஆகிவிட்டது. எத்தனையோ மந்திரிகள் பெயர் மறைந்து போயிற்று. ஒரு நாயின் பெயர் நிற்கிறது. படம், கதை, காலம் மூன்றும் ஒரே கல்லில் இருக்கின்றன. இதைவிடச் சிறந்த படக்கதை எது?

ராஜராஜன் காலத்துக் கடல் வீரர்கள்

1010-ல் தஞ்சைப் பெரிய கோயில் நிறைவு பெற்றது. ராஜராஜ சோழன் காலம். அந்த நேரத்தில் ஐரோப்பாவின் வடகோடியில் வைக்கிங் என்ற கடல் வீரர்கள் கப்பல் ஏறிக் கொள்ளைக்குப் புறப்பட்டார்கள். மகோடோ யுகிமுரா 2005-ல் தொடங்கிய "வின்லாந்து சாகா" இந்தக் காலத்துக் கதை. அப்பனைக் கொன்றவனைப் பழி வாங்கத் துடிக்கும் ஒரு பையன், பழியால் பயன் இல்லை என்று கற்றுக் கொள்கிறான்.

1016-ல் டென்மார்க்கின் கனூட் இங்கிலாந்துக்கு அரசன் ஆனான். 1025-ல் ராஜேந்திர சோழனின் படை கடல் கடந்து கடாரம் சென்றது. அங்கேயும் கப்பல், இங்கேயும் கப்பல்! இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிள்ளைகளுக்கு அந்த நூற்றாண்டு மறக்காது.

வாள் வீரனும் ராணியும்

1600-ல் ஜப்பானில் செகிகஹாரா என்ற இடத்தில் பெரும் போர். அதில் தோற்ற பக்கத்தில் நின்ற ஓர் இளைஞன் பெரிய வாள் வீரன் ஆகிறான். அவன்தான் மியமோட்டோ முசாஷி. அவன் கதையை தகேஹிகோ இனோவே 1998-ல் "வாகபாண்ட்" என்ற பெயரில் வரையத் தொடங்கினார். அதே 1600-ல் லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனி பிறந்தது. அந்தக் கம்பெனியால் நம் நாட்டுக்கு என்ன நேர்ந்தது என்பது எல்லோருக்கும் தெரியும்.

1789-ல் பிரெஞ்சுப் புரட்சி. 1793-ல் அரசனுக்கும் சிரச்சேதம், ராணி மரி அந்துவானெத்துக்கும் சிரச்சேதம். இந்தக் கதையை ரியோகோ இகெதா என்ற பெண்மணி 1972, 1973-ஆம் ஆண்டுகளில் "வெர்சாய் ரோஜா" என்று வரைந்தார். ஜப்பான் பெண்கள் கண்ணீர் விட்டுப் படித்த கதை.

அப்போது தருமபுரிச் சீமையில் என்ன? 1792-ல் திப்பு சுல்தான் சீரங்கப்பட்டணத்தில் ஒப்பந்தம் செய்தான். பாரமகால் சீமை கம்பெனி கைக்குப் போயிற்று. பாரமகால் என்பது தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரந்தான். பாரிசில் ஒரு ராஜ்யம் கவிழ்ந்த அதே நேரத்தில், இந்த மலையடிவாரத்திலும் ஆட்சி மாறியது. வரி கேட்க வேறு ஆள் வந்தான்!

குண்டு விழுந்த நாள்

1945, ஆகஸ்டு 6. ஹிரோஷிமா நகரத்தின் மேல் அணுகுண்டு விழுந்தது. கெய்ஜி நகஸாவாவுக்கு அப்போது 6 வயது. பள்ளிக்கூடச் சுவர் மறைத்ததால் உயிர் பிழைத்தார். அப்பா, அக்கா, தம்பி மூவரையும் பறிகொடுத்தார். பெரியவர் ஆனதும் தம் கண்ணால் கண்டதை 1973 முதல் மங்காவாக வரைந்தார். ஆங்கிலத்தில் "பேர்ஃபுட் கென்" என்று பெயர். "வெறுங்கால் கென்" என்று சொல்லலாம். நெஞ்சை உருக்கும் கதை.

இதோடு இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அந்த யுத்தத்தில் ஜப்பான் ராணுவம் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ரயில் பாதை போட்டது. 1942, 1943-ஆம் ஆண்டுகளில் மலேயாவிலிருந்து தமிழர்களைக் கொண்டுபோய் வேலை வாங்கினார்கள். பல்லாயிரம் பேர் நோயிலும் பட்டினியிலும் மடிந்தார்கள். குண்டு விழுந்து துடித்ததும் ஜப்பான் மக்கள். நம்மவரைத் துடிக்க வைத்ததும் ஜப்பான் ராணுவம். நகஸாவாவும் தம் நாட்டு ராணுவத்தை விட்டு வைக்கவில்லை. யுத்தத்தை எதிர்த்த அப்பாவைத்தான் கதையில் காட்டுகிறார்.

ஒரு பக்கத்துக் கண்ணீரை மட்டும் பார்த்தால் அது பாதி வரலாறு.

எது மெய்? எது கற்பனை?

படக்கதையில் எல்லாமே நடந்தது என்று நம்பிவிடக் கூடாது. மரி அந்துவானெத் மெய். அவளுக்குக் காவல் நிற்கும் ஆஸ்கார் என்ற பெண் வீரன் கற்பனை. முசாஷி மெய். ஆனால் "வாகபாண்ட்" ஒரு நாவலை வைத்து வரைந்தது. நாவலில் கற்பனை உண்டு. தெசுகாவின் புத்தர் கதையிலும் அவரே படைத்த பாத்திரங்கள் பலர்.

இது நமக்குப் புதிதல்ல. கல்கியின் "பொன்னியின் செல்வன்" 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. மணியம் படம் வரைந்தார். பிற்காலத்தில் அது படக்கதையாகவும் வந்திருக்கிறது. அதில் ஆதித்த கரிகாலன் கொலை மெய். கொலைகாரர்கள் யார் என்பதை ராஜராஜனின் இரண்டாம் ஆட்சி ஆண்டில் வெட்டிய உடையார்குடிக் கல்வெட்டு சொல்கிறது. ஆனால் நந்தினி? கல்கியின் கற்பனை! பூங்குழலியும் அப்படியே.

ஆகவே படக்கதையைக் கையில் எடுத்ததும் மூன்று கேள்வி கேட்க வேண்டும். கதை நடக்கும் ஆண்டு எது? வரைந்த ஆண்டு எது? இதில் உண்மையாக வாழ்ந்தவர் யார் யார்? புத்தகத்தின் கடைசியில் ஆசிரியர் குறிப்பு இருந்தால் அதை முதலில் படிக்க வேண்டும்.

நல்ல சித்திரக்காரர் இதற்காகப் பாடுபடுகிறார். சதோரு நோதா 2014 முதல் 2022 வரை வரைந்த "கோல்டன் காமுய்" என்ற மங்காவைச் சொல்லலாம். ரஷ்ய ஜப்பான் யுத்தம் முடிந்த காலத்துக் கதை. அதில் ஐனு என்ற பழங்குடி மக்கள் வருகிறார்கள். அவர்கள் பேச்சு பிழையில்லாமல் வர வேண்டுமென்று, ஐனு மொழி அறிஞர் ஹிரோஷி நககாவாவின் உதவியை நாடினார்கள்.

பெற்றோர் கவனத்துக்கு

எல்லா மங்காவும் சிறுவர்க்கு உரியது அல்ல. "வாகபாண்ட்", "வின்லாந்து சாகா", "கிங்டம்", "கோல்டன் காமுய்" ஆகியவற்றில் வெட்டும் குத்தும் ரத்தமும் அதிகம். வயது வந்தவர்க்கான காட்சிகளும் சிலவற்றில் வரும். புத்தர் கதையிலுங்கூட அப்படிச் சில படங்கள் உண்டு. அப்பாவோ அம்மாவோ ஒரு முறை புரட்டிப் பார்த்துவிட்டுக் கொடுப்பது நல்லது. "வெறுங்கால் கென்" புத்தகத்தைச் சிறு பிள்ளைகள் பெரியவர் பக்கத்தில் இருந்து படிக்கட்டும்.

தமிழில் படிக்க வேண்டுமா?

ஆங்கிலம் தெரியாவிட்டால் கவலை இல்லை. அனந்த் பை 1967-ல் தொடங்கிய "அமர் சித்திரக் கதை" வரிசை தமிழிலும் வந்திருக்கிறது. ராமனின் தாய் யார் என்ற கேள்விக்கு நம் பிள்ளைகள் பதில் தெரியாமல் விழித்ததை அவர் ஒரு டெலிவிஷன் நிகழ்ச்சியில் பார்த்தார். அதன் பிறகே இந்த வேலையில் இறங்கினார். அசோகன், ஹர்ஷன், ராஜராஜ சோழன், கிருஷ்ணதேவராயர், சிவாஜி, ஜான்சி ராணி என்று காலவாரியாக அடுக்கிப் படிக்கலாம். புராணக் கதைகளும் அதே வரிசையில் இருக்கும். இரண்டையும் வேறு வேறு அடுக்காகப் பிரித்து வைப்பது நல்லது.

சிவகாசியிலிருந்து 1972-ல் முத்து காமிக்ஸும் 1984-ல் லயன் காமிக்ஸும் புறப்பட்டன. அவற்றில் வரும் டெக்ஸ் வில்லர், கேப்டன் டைகர் கதைகள் 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் நடப்பவை. குதிரையும் துப்பாக்கியும் ரயில் பாதையும் புதிதாக முளைத்த ஊர்களுமாக அந்தக் காலம் கண் முன்னே நிற்கும்.

வாங்கப் பணம் இல்லையென்றால் நூலகம் இருக்கிறது. ஊர்ப்புற நூலகமோ, கிளை நூலகமோ போய் நூலகரிடம் கேட்கலாம். "காமிக்ஸ் இருக்கிறதா?" என்று கேட்பதைவிட, "சோழர் காலத்துப் படக்கதை இருக்கிறதா?" என்று கேட்டால் தேடுவது சுலபம்.

வலமிருந்து இடம், கீழிருந்து மேல்

இனி மறுபடி நம் கற்களுக்கு வருவோம். மங்காவை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்று பார்த்தோம். பிற்கால நடுகற்கள் சிலவற்றை எப்படிப் படிக்க வேண்டும் தெரியுமா? கீழிருந்து மேலாக!

கல்லில் மூன்று அடுக்கு இருக்கும். அடியில் வீரன் சண்டை போடுகிறான். நடுவில் தேவப் பெண்கள் அவனைத் தூக்கிக் கொண்டு போகிறார்கள். மேலே அவன் சொர்க்கத்தில் இருக்கிறான். கட்டம் கட்டமாகக் கதை சொல்லும் கலை நமக்கு அன்றே கைவந்திருந்தது.

தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 1970-களில் செங்கம், தருமபுரி வட்டாரங்களில் ஊர் ஊராகப் போய் இந்தக் கற்களைப் படியெடுத்தது. 1972-ல் "செங்கம் நடுகற்கள்" என்ற புத்தகம் வந்தது. தருமபுரி நகரில் உள்ள அகழ்வைப்பகத்தில் நடுகற்களை நேரில் பார்க்கலாம். தீர்த்தமலைக்கு வரும் குடும்பங்கள் பிள்ளைகளை அங்கேயும் அழைத்துப் போகலாம். வீரனின் கொண்டை எப்படி, கத்தி எப்படி, இடுப்புத் துணி எப்படி என்று பார்த்து வரையச் சொல்லலாம். மகேந்திரவர்மன் காலத்து உடையை வரைய விரும்பும் சித்திரக்காரருக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஆனால் வெளியே நிற்கும் கற்களின் கதி என்ன? சில கற்கள் துணி துவைக்கும் கல் ஆகிவிட்டன. சிலவற்றில் அரிவாள் தீட்டுகிறார்கள். பக்தியோடு சிலர் பெயிண்ட் அடிக்கிறார்கள். சிமென்ட் பூசுகிறார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் எழுத்து மூடிப் போகிறது. எழுத்து போனால் அரசன் பெயர் போகும். ஆண்டு போகும். வீரன் பெயரும் போகும். பிறகு அது காலம் தெரியாத கல். புத்தகத்தில் அட்டை கிழிந்து, முதல் பக்கமும் கிழிந்த கதைதான்!

கும்பிடுவதை நிறுத்த வேண்டியதில்லை. எழுத்து இருக்கும் பக்கத்தில் எண்ணெயும் பெயிண்டும் படாமல் பார்த்துக் கொண்டால் போதும். உழும்போதோ, வாய்க்கால் வெட்டும்போதோ எழுத்துள்ள கல் அகப்பட்டால் உடைக்க வேண்டாம். கிராம நிர்வாக அதிகாரிக்கோ, தாசில்தாருக்கோ, தொல்லியல் துறைக்கோ ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

ஜப்பான் பிள்ளைகள் தங்கள் ஊர் முசாஷியை ஆண்டோடு அறிவார்கள். தருமபுரிப் பிள்ளைகளும் கருந்தேவக்கத்தியை ஆண்டோடு அறிய வேண்டும். கோவிவனையும் கூடத்தான்! என்றாவது ஒரு நாள் அரூர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருவன் அந்த நாயை வரைந்து, "கி.பி. 624" என்று முதல் பக்கத்தில் எழுதினால், அந்தப் புத்தகம் கடையில் நிற்காது. சுடச் சுட விற்றுப் போகும்!